ஊமை வண்டியும் ஊர்ப் பட்டறையும்

எந்திரங்களைப் பயன்படுத்தும் சமூகம் வேறு. அவற்றை விளங்கிக்கொண்ட சமூகம் வேறு. செழிப்பான காலத்தில் இவ்வேறுபாடு எவர் கண்ணிலும் படுவதில்லை. தட்டுப்பாடு வரும்போதே அது வெளித்தெரிகிறது. 2022ஆம் ஆண்டில் இலங்கை முழுவதும் எரிபொருளுக்காக வரிசையில் நின்றது. அவ்வாண்டு யூலையில் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தபோது, மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு வாரத்துக்கு 4 இலீற்றர் பெற்றோல் என வரையறுக்கப்பட்டது. பட்டம் பெற்றவரும் பெறாதவரும் அவ்வரிசையில் சமமாகவே நின்றனர். வெப்ப எந்திரத்தின் திறனைக் கரும்பலகையில் கணித்துக் காட்டும் பௌதிகவியல் ஆசிரியனாகிய எனக்கு, அந்த அறிவினால் வண்டியை ஓர் அங்குலமேனும் நகர்த்த இயலவில்லை. மின்னால் ஓடும் மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கட்டிப் பார்த்தல் வேண்டும் என்னும் எண்ணம் அந்நாட்களிலேயே வேர்கொண்டது.

மின் மோட்டார் சைக்கிளைப் புதுமையின் புதுமை எனக் கருதுவோர் பலர். உண்மை அதுவன்று. பின்சக்கரத்தின் நடுவே மின்மோட்டாரைப் பொருத்திய ஈருருளி ஒன்றுக்கு 1895ஆம் ஆண்டிலேயே ஒக்டன் போல்டன் என்பவர் அமெரிக்காவில் ஆக்கவுரிமை பெற்றுவிட்டார். ஆகவே, குறை மோட்டாரில் இருக்கவில்லை. மின்னைச் சேமித்துச் சுமக்கும் கலத்திலேயே இருந்தது. 1859இல் பிளாண்டே கண்ட ஈயச் சேமிப்புக் கலம் ஒரு கிலோகிராம் எடைக்கு ஏறத்தாழ 35 வாற்று மணிச் சக்தியையே தரவல்லது. இலிதியம் அயன் கலங்கள் 1991இல் சந்தைக்கு வந்த பின்னரே நிலைமை மாறியது. அக்கலங்களை உருவாக்கிய மூவருக்கு 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டமை நாம் அறிந்ததே.

ஆயினும், இவ்வரலாறு ஆய்வுகூடங்களின் வரலாறு மட்டும் அன்று. 2009ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மான் தீவின் மலைப்பாதையில், பெற்றோல் எரிக்காத மோட்டார் சைக்கிள்களுக்கென முதன்முறையாக ஓர் ஓட்டப்போட்டி நடைபெற்றது. ஏறத்தாழ 60 கிலோமீற்றர் கொண்ட அச்சுற்றினை மணிக்கு 140 கிலோமீற்றர் சராசரி வேகத்தில் முடித்து வென்ற வண்டியின் பெயர் ‘அக்னி’. ஓட்டியவர் றொப் பார்பர். அதன் மோட்டாரை வடிவமைத்த செட்ரிக் லிஞ்ச் என்னும் ஆங்கிலேயர், பொறியியற் பட்டம் எதுவுமின்றித் தாமே கற்றுத் தேர்ந்தவர். தட்டையான வட்டு வடிவினதாகிய தம் மோட்டாரை அவர் தொடக்கத்தில் வெற்றுத் தகரப் பேணிகளைக் கொண்டே செய்து பார்த்தார். பத்தாண்டுகளின் பின், 2019இல், அதே சுற்றில் யப்பானிய மின்வண்டி ஒன்று மணிக்கு 196 கிலோமீற்றர் சராசரி வேகத்தை எட்டியது. பெரும் நிறுவனங்கள் நுழைந்த பாதையை, பேணி வெட்டிய கையொன்று முன்னரே திறந்து வைத்திருந்தது என்பதனை நாம் மறத்தல் ஆகாது.

நான் தேடியதும் அத்தகைய ஒரு கையையே. யாழ்ப்பாணத்தில் சிறு கராஜ் ஒன்றை நடத்திவரும் முதியவர் ஒருவர் துணைக்குக் கிடைத்தார். அவரை நான் ‘அண்ணை’ என்றே அழைப்பேன். அவருக்கு நான் ‘சேர்’. எந்திரம் பழுதடைந்து மூலையில் கிடந்த ஹொண்டா எம்.டி. 90 வண்டியொன்றை 2023இல் அவரது பட்டறையிலேயே பிரித்தோம். எந்திரம் இருந்த இடத்தில் 3 கிலோவாற்று மோட்டார் அமர்ந்தது. பழைய சங்கிலியே சக்கரத்தைச் சுழற்றியது. பெற்றோல் தாங்கியினுள் கட்டுப்பாட்டுச் சுற்று இடம்பெற்றது. 3.2 வோற்று அழுத்தமும் 40 அம்பியர் மணிக் கொள்ளளவும் உடைய இலிதியம் இரும்புப் பொசுபேற்றுக் கலங்கள் 24ஐத் தொடராக இணைத்து, இரும்புப் பெட்டியொன்றில் அடுக்கினோம்.

அண்ணை மின்னியல் படித்தவர் அல்லர். ஆனால், 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டில் பொருளாதாரத் தடை நிலவியபோது வண்டிகளை ஓட வைத்தோருள் அவரும் ஒருவர். பெற்றோலுக்கென அமைந்த எந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே, சில துளி பெற்றோலைச் சிறு போத்தலிலிருந்து ஊற்றி எந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மின்சாரம் இல்லாத வீடுகளில் துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஆவியாதல், தீப்பற்றுநிலை, மின்காந்தத் தூண்டல் என நாம் வகுப்பில் பிரித்துப் படிப்பிக்கும் பாடங்கள் யாவும் அங்கே வாழ்க்கையாகவே நடந்தேறின. எனினும், அந்நுட்பங்களை முறையாக விளக்கும் நூல் ஒன்றை நான் இன்றுவரை கண்டதில்லை. அவை கைகளிலேயே இருந்தன. கைகளோடு மறைந்தும் வருகின்றன.

வண்டி முதன்முதலாக நகர்ந்தபோது அண்ணை வியப்படையவில்லை, கவலையே அடைந்தார். “சேர், இது ஊமை வண்டி. சத்தத்தைக் கேட்டு வருத்தம் பிடிக்கேலாது” என்றார். நாற்பது ஆண்டுகளாகச் செவியினால் நோயறிந்த மருத்துவர் அவர். வால்வு தட்டுவதையும் சங்கிலி தளர்ந்ததையும் தெருமுனையில் வரும்போதே சொல்லிவிடுவார். அந்தச் செவிக்கு இவ்வண்டியில் வேலை இல்லாது போயிற்று.

ஆனால், அக்கவலை நெடுநாள் நீடிக்கவில்லை. ஓட்டத்தின்போது வண்டி இடையிடையே தளர்வதைக் கண்டோம். நிறுத்தி அளந்தால், எல்லாக் கலங்களும் ஒரே அழுத்தத்தையே காட்டின. மின்னோட்டம் பாயாதபோது தடையினால் அழுத்தம் வீழ்வதில்லை; ஆகையால் மானியும் வாய் திறவாது. அண்ணை ஒரு மாலை வண்டியை வேகமாக ஓட்டிவந்து, இணைப்பைத் துண்டித்துவிட்டு, உறையிட்ட இணைப்புகளின் மேல் புறங்கையை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பதினேழாவது கலத்தருகே கை நின்றது. “இஞ்சதான் காயுது” என்றார். தெருக் குலுக்கத்தில் சற்றே தளர்ந்திருந்தது ஒரு சுரை. தளர்ந்த இணைப்பின் தடை கூடும். அதனூடாகப் பாயும் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பம் பிறக்கும் என்பது யூலின் விதி. விதியை நான் சொன்னேன்; இடத்தை அவர் காட்டினார். செவியின் அறிவு கைக்கு இடம்பெயர்ந்ததைக் கண்முன் கண்ட நாள் அது. எமது நூல்கள் ‘முறுக்கம்’ என்பதனை அவர் ‘இழுவை’ என்றார். நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்கத்தையும் தரும் மோட்டாரின் இயல்பினை அச்சொல்லே மாணவருக்குத் தெளிவாக உணர்த்துகிறது என்பது என் அனுபவம்.

பதிவுக்குரிய நடைமுறைகள் முடிந்து வண்டி தெருவுக்கு வரப் பல மாதங்கள் சென்றன. அதன்பின் ஓட்டமே எனக்குப் பாடமாயிற்று. எமது கலப்பெட்டி முழுவதும் கொள்ளும் சக்தி ஏறத்தாழ 3 கிலோவாற்று மணி. ஒரு இலீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 9 கிலோவாற்று மணி அடங்கியுள்ளது. அஃதாவது, அந்தப் பாரமான பெட்டி சுமப்பது ஒரு குவளை பெற்றோலின் சக்தியையே. அதனைக் கொண்டு 80 கிலோமீற்றர் ஓட முடிவதற்குக் காரணம், மின்மோட்டார் பெற்ற சக்தியின் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுப்பதே. பெற்றோல் எந்திரமோ தான் பெற்றதில் பெரும்பகுதியை வெப்பமாக இறைத்துவிடுகிறது. குறைவாகச் சுமப்பவன் கணக்காகச் செலவிடக் கற்கிறான்.

இக்கணக்கு வல்லை வெளியில் நன்கு விளங்கும். சோளகம் வீசும் ஒரு நாளில் யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் சென்றேன். காற்று முதுகில் இருந்தமையால் கிலோமீற்றர் ஒன்றுக்கு 30 வாற்று மணியே செலவாயிற்று. திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் மோதியது. செலவு 45 ஆயிற்று. காற்றின் தடை சார்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது என்பதனை எத்தனை ஆண்டுகள் படிப்பித்திருப்பேன்! அன்று மானியின் முள் அதனை எனக்குப் படிப்பித்தது. வேகத்தைக் குறைத்தேன். எந்திர ஓசை இல்லாமையால் நீரேரியின் அலையோசையும், கரையில் நின்ற பறவைகளின் குரலும் செவியில் விழுந்தன. அவ்வழியே எத்தனையோ முறை சென்றிருக்கின்றேன். அவ்வெளி பேசுவதை அன்றே கேட்டேன்.

மேடு பள்ளம் அற்ற நிலமும், குறுகிய தூரங்களும், ஆண்டில் பெரும்பகுதி காயும் வெயிலும் உடைய குடாநாட்டுக்கு இவ்வண்டி இயல்பாகவே பொருந்துவது. எனினும், இதனை விடுதலையின் வாகனமாகப் போற்றிப் பாட நான் முன்வரேன். என் வீட்டுச் சுவரிலிருந்து வரும் மின்னில் ஒரு பங்கு நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியிலிருந்து பிறக்கிறது; புகை என் பின்னால் இல்லை, அவ்வளவே. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின் தடைப்பட்டதையும் நாம் கண்டோம். கலங்களும் கடல் கடந்தே வருகின்றன. பெற்றோல் வரிசைக்குப் பதிலாகக் கல வரிசை ஒன்று நாளை தோன்றாது என்பதற்கு உறுதி எதுவும் இல்லை.

ஆகவே, வண்டியை வாங்குவதா என்பதன்று எம்முன் உள்ள வினா. வண்டியை அறிந்தவர் எம்மிடையே எத்தனைபேர் என்பதே. தொடராக இணைத்த கலங்களில் நலிந்த ஒன்று வெறுமையானதும், ஏனைய இருபத்துமூன்றிலும் சக்தி எஞ்சியிருப்பினும் காவற் சுற்று ஓட்டத்தை நிறுத்திவிடும். எமது கல்வியும் பட்டறையும் அவ்வாறு தொடராக இணைந்தவையே. பேராதனையிலும் மொறட்டுவையிலும் கிளிநொச்சியிலும் பொறியியல் பயிலும் எம் மாணவர், விடுமுறையில் ஊருக்கு வரும்போது தம் அயலிலுள்ள கராஜ் ஒன்றில் சில மாலைப் பொழுதுகளைக் கழித்தல் வேண்டும். அங்கு காண்பதை, அங்கு வழங்கும் சொற்களாலேயே எழுதி வைத்தல் வேண்டும். அண்ணைக்கு வயது எழுபதை அண்மிக்கிறது. மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய முறையை அவர் சொல்லச் சொல்ல நான் இப்போது எழுதி வருகிறேன்; இதுவரை நாற்பது பக்கங்கள் நிறைந்துள்ளன.