நடுங்கும் கையோடு உள்ளே போகலாம்

வங்கி அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் நேர்முகக் குழுக்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். பயந்ததற்காக எந்தப் பிள்ளைக்கும் நாங்கள் மதிப்பெண் குறைத்ததில்லை. கை நடுங்கும், குரல் கம்மும், நாற்காலியை இழுக்கும்போது சத்தம் வரும். எல்லாவற்றையும் பார்த்தபடிதான் ‘உட்காருங்கம்மா’, ‘உட்காருங்க தம்பி’ என்போம். நாலைந்து பேர் வரிசையாக உட்கார்ந்து ஒருவரையே கேள்வி கேட்டால் யாருக்குத்தான் படபடக்காது?

மதிப்பெண் குறைந்ததெல்லாம் வேறு இடங்களில். பயம் வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று, தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசிய இடத்தில். கேள்வி முடிவதற்குள் பதிலைத் தொடங்கிய இடத்தில். மனப்பாடம் செய்து வந்ததை, கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒப்பித்துவிட்டுப் போன இடத்தில். பயத்தை மறைக்கப் பாடுபட்டுத்தான் பிள்ளைகள் வேலையை இழக்கிறார்கள். இதைச் சொன்னால் இளைஞர்கள் நம்பாமல் பார்க்கிறார்கள். அதனால்தான் விரிவாக எழுத உட்கார்ந்தேன்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஆபத்து என்று மனம் நினைத்துவிட்டால், எதிர்த்து நிற்கவோ ஓடித் தப்பவோ உடம்பு ஆயத்தமாகிவிடுகிறது. சிறுநீரகங்களின் மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகம் பிடிக்கிறது. கை கால்களின் பெரிய தசைகளுக்கு ரத்தம் கூடுதலாகப் போகிறது, தோலுக்குப் போவது குறைகிறது. விரல்கள் சில்லிடுவது அதனால்தான். சாப்பாடு செரிப்பது அப்போதைக்கு அவசரமில்லை என்பதால் எச்சில் ஊறுவது குறைந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. வயிற்றைக் கலக்குகிறது. இதில் ஒன்றுகூட நோய் இல்லை. ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று நொந்துகொள்ளவும் வேண்டாம். பக்கத்து நாற்காலியில் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் இதேதான் நடந்துகொண்டிருக்கிறது.

இந்தப் படபடப்பு முழுக்கப் போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இருவர் 1908இல் எலிகளை வைத்துச் செய்த சோதனை உளவியல் மாணவர்கள் எல்லோரும் படிப்பது. கடினமான பாடத்தைக் கற்கும்போது தூண்டுதல் மிகக் குறைந்தாலும் எலிகள் மந்தமாயின. மிக அதிகமானாலும் தடுமாறின. நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவுக்குப் பதற்றம் நமக்கும் தேவை. அது இல்லாமல் வந்து சாய்ந்து உட்காருகிற ஆளைக் கண்டால் குழுவுக்கு ஆர்வம் வருவதில்லை.

ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வும் எனக்குப் பிடித்தது. பாட வேண்டும், பேச வேண்டும், கணக்குப் போட வேண்டும் என்று சிலரை நிறுத்தி, தொடங்குவதற்கு முன் தமக்குத் தாமே ஒன்றைச் சொல்லிக்கொள்ள வைத்தார். ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்ற எண்ணத்தோடு தொடங்கியவர்கள், அமைதியாக இருக்க முயன்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். துடிக்கிற இதயத்தை அடங்கு என்றால் அடங்காது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பேசிப் பார்ப்போம் என்று அந்தத் துடிப்பையே கூட்டிக்கொண்டு போவது எளிது.

இன்னொன்றும் உண்டு. உங்கள் பயம் உங்களுக்குத் தெரிகிற அளவு எங்களுக்குத் தெரிவதில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின இரவு பெண்ணின் தகப்பனார் பந்தலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பார்; அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது அவருக்கு மட்டும்தான் கேட்கும், மற்றவர்களுக்கு அவர் வேலையாக இருக்கிறார், அவ்வளவுதான். உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 1998இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். நம் உள்ளம் கண்ணாடிபோல் வெளியே தெரிகிறது என்று நாம் நினைப்பது பெரும்பாலும் பிரமை. கிலோவிச்சும் கென்னத் சவிட்ஸ்கியும் 2003இல் செய்த சோதனையில், இந்த உண்மையை முன்கூட்டியே கேட்டுவிட்டு மேடையேறியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். இதை நீங்கள் இப்போது படித்திருப்பதே ஒரு தயாரிப்புதான்.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். சான்றிதழ் ஃபைலை மேசையில் வைக்கும்போதே அவள் கை நடுங்கியது. முதல் இரண்டு கேள்விகளுக்கு வந்த பதில் எங்கள் காதில் சரியாக விழவில்லை. அப்பா என்ன வேலை செய்கிறார் என்று குழுவில் ஒருவர் கேட்டார். செங்கல் சூளையில் கல் அறுக்கிறார் என்றாள். ‘அப்படியானால் ஒரு சூளைக்காரர் உங்களிடம் கடன் கேட்டு வந்தால் என்னென்ன பார்ப்பீர்கள்?’ என்று அவர் தொடர்ந்தார். அந்தப் பெண் ஒரு கணம் யோசித்தாள். பிறகு மழையில் தொடங்கினாள். ஐப்பசி, கார்த்திகையில் பச்சைக் கல் காயாது, சூளை மூடிக்கிடக்கும், அந்த மாதங்களில் வருமானமே இருக்காது, மாதாமாதம் ஒரே தவணை என்று போட்டால் அவரால் கட்ட முடியாது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் ஆட்களுக்குக் கூலி, அதற்கு முன்பணம் வேறு கொடுத்தாக வேண்டும், கடனில் பெரும்பகுதி அதற்குத்தான் போகும். விறகு எங்கிருந்து வருகிறது, மண் எடுக்க அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்படியே சொல்லிக்கொண்டு போனாள். அவள் கை அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. கிளை மேலாளர்களாக இருந்த நாங்களே அந்தப் பதிலைக் குறித்துக்கொண்டோம்.

அவளுடைய பயம் எங்கே போனது? எங்கும் போயிருக்காது. அவள் கவனம் தன்மேல் இருந்து நகர்ந்து சூளைமேல் போய்விட்டது. ‘நான் எப்படித் தெரிகிறேன்’ என்று நினைத்துக்கொண்டிருக்கிற வரைக்கும் கேள்வி பாதிதான் காதில் விழும். கேள்வியில் இருக்கிற விஷயத்துக்குள் போய்விட்டால் உடம்பு தானாக வழிக்கு வரும். பயிற்சி என்று எதையாவது செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ரெப்போ விகிதம் என்றால் என்ன என்று ஒரு பையனைக் கேட்டோம். வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும்போது ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டி, அவ்வளவுதான். பையனுக்கு அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. வைப்புத்தொகையில் ஒரு பங்கை ரிசர்வ் வங்கியில் கட்டிவைக்கும் ரொக்க இருப்பு விகிதத்தை எடுத்து ரெப்போ என்று அழுத்தந்திருத்தமாக விளக்கத் தொடங்கினான். நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டோம். தெரியும் என்றான். அடுத்த கேள்வி அந்தத் தவறான பதிலிலிருந்தே பிறந்தது, அதற்கடுத்ததும் அப்படியே. ‘இப்போது நினைவுக்கு வரவில்லை சார், ரொக்க இருப்பு விகிதம் தெரியும், சொல்லட்டுமா?’ என்று கேட்டிருந்தால் நாங்கள் மகிழ்ச்சியாகத் தலையாட்டியிருப்போம். வங்கியில் தெரியாத கணக்கில் தெரிந்ததுபோல் கையெழுத்துப் போடுகிறவரைத்தான் நாங்கள் பயந்து பயந்து தவிர்க்கிறோம்.

தயாரிப்பைப் பற்றிக் கொஞ்சம். குடிமைப் பணித் தேர்வின் மொத்த மதிப்பெண் 2025. அதில் நேர்முகத்துக்கு 275. ஐ.பி.பி.எஸ். நடத்தும் வங்கி அதிகாரித் தேர்வின் இறுதிப் பட்டியலில் முதன்மைத் தேர்வுக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்ற கணக்கு. அந்த அறைக்குள் போகும்போது பெரும்பகுதியை நீங்கள் ஏற்கெனவே சம்பாதித்து வைத்திருக்கிறீர்கள். வெறுங்கையோடு போகவில்லை. நேர்முகம் குறுக்கு விசாரணை அல்ல, இயல்பாகவும் ஒரு நோக்கத்தோடும் நடக்கும் உரையாடல் என்று குடிமைப் பணித் தேர்வை நடத்தும் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் தன் அறிவிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. எழுத்துத் தேர்வில் சோதித்த பாட அறிவை மறுபடி சோதிப்பது அதன் வேலை இல்லை. ஆகவே கடைசி வாரத்தில் புத்தக மூட்டையைப் பிரிக்காமல், நீங்கள் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தை எடுத்துப் படியுங்கள். கேள்விகளில் நிறைய அங்கிருந்துதான் முளைக்கும். ஊர் பெயர், படித்த பாடம், இடையில் விட்டுப்போன ஒரு வருடம், பொழுதுபோக்கு என்று எழுதிய ஒரு சொல். கேரம் என்று எழுதியிருந்தால் கேரம் பற்றிப் பேசத் தெரிய வேண்டும். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதற்கான பதிலை எழுதி உருப்போடாதீர்கள். சொல்ல வேண்டிய நாலு விஷயங்களை மட்டும் மனதில் வைத்து, ஒவ்வொரு நாளும் வேறு வேறு வார்த்தைகளில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உருப்போட்டது ஒரு சொல் நழுவினால் முழுவதும் நழுவும். மாக் இன்டர்வியூவுக்கு வாய்ப்புக் கிடைத்தால் தவறாமல் போங்கள். தெரியாதவர்கள் முன்னால் உட்கார்ந்து பேசிப் பழகுவதற்கு ஈடு எதுவும் இல்லை. 2016 ஜனவரி முதல் மத்திய அரசின் கடைநிலைப் பதவிகள் பலவற்றுக்கு நேர்முகத் தேர்வே கிடையாது. அது நியாயமான முடிவு என்பது என் எண்ணம். ஆனால் சிறிய வேலைகளுக்குப் போய்ப் பேசிப் பழகுகிற சந்தர்ப்பமும் அதோடு குறைந்துவிட்டது. வாழ்க்கையின் முதல் நேர்முகமே பெரிய நேர்முகமாக அமைந்துவிடுகிற பிள்ளைகள் இப்போது அதிகம்.

முந்தின நாளே அந்த ஊருக்குப் போய்விடுங்கள். கட்டடம் எங்கே, வாசல் எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். குளிர்காலத்தில் தில்லி ஷாஜகான் சாலையில் இருக்கும் தேர்வாணையத்துக்குப் போகிற நம் பிள்ளைகள் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போக வேண்டும். குளிரில் வரும் நடுக்கத்தைப் பயம் என்று நினைத்துக்கொண்டால் உண்மையாகவே பயம் வந்துவிடும். காலையில் வயிற்றுக்கு இதமாக இரண்டு இட்லி. காபி வழக்கம்போல் ஒன்று போதும். பதற்றத்தில் இரண்டாவது, மூன்றாவது என்று குடித்தால் துடிக்கிற இதயத்தை மேலும் விரட்டியதாகும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். படபடப்புக்கு நல்லது என்று நண்பர் நீட்டுகிற மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். புரோப்ரனலால் போன்றவை இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்துகள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அவை மூச்சுத்திணறலைக் கொண்டுவந்து ஆபத்தில் விட்டுவிடும். மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் மட்டுமே எடுக்க வேண்டியவை. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது நேர்முகப் பயம் என்ற அளவைத் தாண்டிவிட்டது. கூச்சப்படாமல் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

காத்திருக்கிற நேரம்தான் கொடுமை. உள்ளே போய் வருகிறவரைப் பிடித்து ‘என்ன கேட்டார்கள்?’ என்று விசாரிப்பதால் ஒரு பயனும் இல்லை, அந்தக் கேள்வி உங்களுக்கு வரப்போவதில்லை. அதற்குப் பதிலாக மூச்சைக் கவனியுங்கள். மூக்கால் நிதானமாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விடுங்கள். மூச்சை விடும்போது வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்று மட்டுப்படும். இது எல்லா உடம்பிலும் நடப்பது. சில நிமிடங்கள் செய்தால் போதும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் இரண்டு வாரம் முன்பிருந்தே பழகியிருந்தால்தான் அன்றைக்குக் கைகொடுக்கும்.

உள்ளே போனபின் கேள்வியை முடிக்க விடுங்கள். முடிந்ததும் இரண்டு நொடி சும்மா இருங்கள். உங்களுக்கு அது ஒரு யுகமாகத் தோன்றும். எங்களுக்கு இந்தப் பிள்ளை யோசிக்கிறது என்று தோன்றும். புரியவில்லை என்றால் ‘இன்னொரு முறை கேட்க முடியுமா சார்?’ என்று கேட்கலாம், அதில் குறை ஒன்றும் இல்லை. தண்ணீர் வைத்திருந்தால் ஒரு வாய் குடிக்கலாம். ஒரு பதில் சொதப்பிவிட்டால் அதைச் சுமந்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். நாங்கள் அதை விட்டு நகர்ந்திருப்போம், நீங்கள் மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருப்பீர்கள். ஆங்கிலம் திக்கினால் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். தமிழில் பேச அனுமதி இருக்கும் தேர்வில் தயங்காமல் தமிழிலேயே பேசுங்கள். வேண்டுமென்றே மடக்குகிற ஓர் உறுப்பினர் அநேகமாக எல்லாக் குழுவிலும் இருப்பார். அவருக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. கிளையில் ஒரு வாடிக்கையாளர் கத்தினால் இந்தப் பிள்ளை எப்படி நிற்கும் என்று பார்க்கிறார். அவர் சொல்வது சரியாக இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். இல்லையென்றால் குரலை உயர்த்தாமல் உங்கள் காரணத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அன்று காலையில் ‘இதை விட்டால் வேறு வழியில்லை’ என்று சொல்லாதீர்கள். பிள்ளைக்கு அது தெரியாமல் இல்லை. வாங்கிய கடனையும், அத்தை மகன் வாங்குகிற சம்பளத்தையும் அன்றைக்குப் பேச வேண்டாம். முடிந்து வெளியே வந்தவுடன் ‘கிடைச்சிடுமா?’ என்று போனில் கேட்பதையும் தள்ளிப்போடுங்கள். அந்த நேரத்தில் தனக்கு நன்றாக நடந்ததா இல்லையா என்பது பிள்ளைக்கே தெரியாது. மோசமாகச் செய்துவிட்டதாக அழுதுகொண்டு போனவர்கள் பட்டியலில் முதலில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அன்று மாலையே, மறப்பதற்குள், கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்கே கேள்வி முடிவதற்குள் பேசத் தொடங்கினீர்கள், எங்கே தெரியாததைத் தெரியும் என்றீர்கள் என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். கை நடுங்கியதையெல்லாம் எழுத வேண்டாம்.