அப்பத்தாவும் கோல்ஃப் பந்தும்

சித்தையன்கோட்டை என்றால் "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். கொடைக்கானலுக்குப் போயிருக்கிறீர்கள் அல்லவா? திண்டுக்கல்லில் ரயிலை விட்டு இறங்கி, செம்பட்டி வழியாக வத்தலக்குண்டுக்குப் போயிருப்பீர்கள். செம்பட்டியில் ஒரு வாய் காபி குடித்துவிட்டு, "மலை எப்போ வரும்?" என்று குழந்தைகள் நச்சரிக்க, அவசரமாகக் கிளம்பியிருப்பீர்கள். கொஞ்சம் ஆத்தூர்ப் பக்கம் திரும்பியிருந்தால் எங்கள் ஊருக்கு வந்திருக்கலாம். வயலும் தென்னந்தோப்புமான ஊர். ஆத்தூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் காமராஜர் அணை. சேலை ஆசை உள்ள சகோதரிகளுக்குச் சின்னாளப்பட்டியும் தூரமில்லை.

2024 கோடையில் அங்கே அப்பத்தா வீட்டில் தங்கியிருந்தேன். லீவில் அல்ல, உத்தியோக நிமித்தமாகத்தான். நான் ஒரு பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதுகிறவள். சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை. எங்கள் ஜில்லாவில் கிரிக்கெட்டுக்குக் குறைவே கிடையாது. நத்தம் மைதானத்தில் 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடந்து வருகின்றன. ஆனால் அதையெல்லாம் மூத்தவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். பந்தியில் கடைசியில் உட்கார்ந்த எனக்கு மிஞ்சியவை அமெரிக்க பேஸ்பாலும் கொடைக்கானல் கோல்ஃபும்! "இரண்டையும் வீட்டுப் பெண்கள் படிக்கும்படி எழுது. எழுதிவிட்டால் உன் வேலை நிரந்தரம்" என்றார் ஆசிரியர். எழுதாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நியூயார்க்கில் மாலை ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கினால் நமக்கு விடியற்காலை நாலரை. அந்த நேரத்துக்கு அப்பத்தா வாசல் தெளிக்க எழுந்துவிடுவாள். நான் திண்ணையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு பேஸ்பால் பார்ப்பேன். "யாரு தாயி அது, விடியுமுன்னே தடியைத் தூக்கிக்கிட்டு நிக்கிறான்?" என்பாள். நான் விளக்குவேன். எறிகிறவனுக்கும் அடிக்கிறவனுக்கும் நடுவே 60 அடி 6 அங்குலம். நம் கிரிக்கெட்டில் போல் பந்து தரையில் குத்தி எழும்பாது, நேரே வரும். மட்டையோ உருண்டைத் தடி. பத்துத் தடவையில் மூன்று தடவை ஒழுங்காக அடித்தாலே அவன் பெரிய சூரன்.

"பத்துக்கு மூணா? எங்க வாத்தியாரு பெஞ்சு மேல ஏத்திருப்பாரு" என்றாள் அப்பத்தா.

மே மாதம் ஒரு நாள் கொடைக்கானலுக்குப் பஸ் ஏறினேன். வத்தலக்குண்டு தாண்டியதும் வெயில் கழன்று விழுகிறது. வளைவுக்கு வளைவு ஜன்னலோரப் பெண்மணிகள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார்கள். மேலே போய்ச் சேர்ந்தால் சுமார் 7000 அடி உயரம். 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார் வந்து இரண்டு பங்களா கட்டிக் குடியேறிய இடம் இது. கோல்ஃப் கிளப் 1895-ல் ஏற்பட்டது. தூண் பாறைக்குப் போகும் வழியில், மலை முழுதும் பச்சைக் கம்பளத்தை உதறிப் போட்டாற்போல் புல்வெளி. சில நாட்களில் காட்டெருமைகளும் வந்து மேயுமாம். நான் போன அன்று நல்லவேளையாக அவற்றுக்கு வேறு ஜோலி இருந்தது.

விளையாட்டு இதுதான். பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழியும் 4¼ அங்குல அகலம், ஒரு காபி டம்ளரைவிடக் கொஞ்சம் பெரிது. எத்தனை குறைந்த அடியில் பந்தை எல்லாக் குழியிலும் போடுகிறோமோ அத்தனை கெட்டிக்காரத்தனம். உயரத்தில் காற்று லேசாக இருப்பதால் சமவெளியைவிடப் பந்து அதிக தூரம் பறக்கிறது. பதினான்கு கோல்கள் வரை வைத்துக்கொள்ளலாம். அத்தனையையும் ஒரு பையில் போட்டுத் தோளில் சுமந்து கூடவே நடக்க ஓர் ஆள். அவருக்கு "கேடி" என்று பெயர்.

ராத்திரி வீடு திரும்பி இதைச் சொன்னதும் அப்பத்தா பதறிப் போனாள். "கேடியா! போலீசு புடிக்கலையா?"

அர்த்தத்தைச் சொன்னேன். சிறிது நேரம் வெற்றிலையை மென்றாள். பிறகு, "சரி, சொமக்குறவரு வெளையாடுவாராக்கும்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. எழுதி வைத்திருந்த கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். புல் இருந்தது, குழி இருந்தது, காட்டெருமைகூட இருந்தது. பை சுமக்கிறவர் மாத்திரம் ஒரு வாக்கியத்தோடு சரி.

மறு வாரம் மீண்டும் மலையேறினேன். விடை மேலே கிடைக்கவில்லை. இறங்கும் பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்து ஸீட்டுப் பெரியவர் என் நோட்டைப் பார்த்துவிட்டுத் தாமாகவே பேசினார். வெகு தூரத்தில் வேறொரு மலையூரில், சின்ன வயசு முதல் பை சுமந்தவராம். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். "பந்தைக் குழியில் தள்ளும்போது பந்தைப் பார்க்காதேம்மா. அந்த இடத்தில் ஒரு குடம் தண்ணி கொட்டினால் எந்தப் பக்கம் ஓடும்னு யோசி" என்றார். பல கிளப்புகளில் இருப்பதுபோல் அங்கேயும் வாரத்தில் ஒரு நாள் காலையில் கேடிகள் ஆடலாமாம். அப்படி ஒரு காலையில், யாரோ கழித்துப் போட்ட கோல்களை வைத்துக்கொண்டு, பதினெட்டுக் குழியையும் 71 அடியில் முடித்தாராம்.

"யார் பார்த்தாங்க, ஐயா?"

"கூட ஆடின ரெண்டு பேர். அவங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்க. எழுதி வைக்க யாரும்மா இருந்தா?"

வத்தலக்குண்டில் இறங்கிப் போய்விட்டார்.

அதே வாரம்தான், மே 29-ந் தேதி, பேஸ்பாலிலிருந்து அந்தச் செய்தி வந்தது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் கறுப்பர்களைப் பெரிய லீகுகளில் சேர்க்கமாட்டார்கள். அவர்கள் தனி லீக் வைத்து ஆடினார்கள். அவற்றின் கணக்கையும் அன்று முதல் பெரிய ஏட்டில் ஏற்றிவிட்டார்கள்! பழைய பத்திரிகைகளைப் புரட்டி, ஆட்டம் ஆட்டமாக ஆராய்ச்சியாளர்கள் சேகரித்த கணக்கு. ஏற்றியதும் என்ன ஆயிற்று தெரியுமா? டை காப் என்பவருடைய ஆயிரத்துக்கு 367 என்ற சராசரி இரண்டாம் இடத்துக்குப் போயிற்று. ஜோஷ் கிப்ஸன் என்ற கறுப்பர் ஆயிரத்துக்கு 372 என்று மேலே வந்தார். அவர் இறந்தது 1947 ஜனவரியில். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 15-ல், ஜாக்கி ராபின்ஸன் பெரிய லீகில் கால் வைத்து அந்தக் கதவைத் திறந்தார். கிப்ஸனுக்கு மூன்று மாதம் போதவில்லை.

கோல்ஃப் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பாப்வா ஸெவ்கோலம் என்ற இந்தியர் பை சுமந்தே ஆட்டம் கற்றவர். கைகளை இடம் மாற்றிக் கோலைப் பிடிப்பார். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அப்படிப் பிடித்தே 1959-ல் டச்சுப் பந்தயத்தை ஜயித்தார். 1963-ல் சொந்த ஊரில் நேட்டால் பந்தயத்திலும் ஜயித்தார். வெள்ளையர்கள் உள்ளே இருக்க, இவருக்குக் கட்டிடத்துக்குள் நுழைய அனுமதியில்லை. வெளியே, கொட்டும் மழையில் நின்று கோப்பையை வாங்கிக்கொண்டார். நம் நாட்டில் டில்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓபனை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான். 2009-ல் அதே கோப்பையைப் பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா தூக்கிக்கொண்டு போனார்.

இதையெல்லாம் அப்பத்தாவுக்குச் சொன்னபோது விடியற்காலை. அவள் வாளியும் கையுமாக நின்றாள். "தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு அந்தப் பெரியவரு சொன்னாராக்கும்?" என்று ஒரு செம்பு நீரை வாசலில் ஊற்றினாள். மட்டமாகத்தான் இருக்கிறது என்று நான் இத்தனை வருஷம் நினைத்த வாசல்! நீர் நிதானமாக வேப்பமரத்துப் பக்கம் திரும்பிற்று. "அறுவது வருசமாத் தெளிக்கிறேன். எனக்குத் தெரியாதா?" என்றாள். ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, வேண்டுமென்றே தப்பான திசையில் உருட்டினாள். அது வளைந்து போய் நேராக மரத்தடியில் முட்டியது. எனக்குக் கோல்ஃப் புரிந்தது அந்த நிமிஷத்தில்தான்.

கட்டுரையைத் திரும்ப எழுதினேன். கேடிகளையும், பாப்வாவையும், மழையையும், வாசல் தண்ணீரையும் சேர்த்தேன். ஆசிரியருக்குப் பிடித்திருந்தது. வேலையும் நிரந்தரமாயிற்று. ஒரு வரியை மட்டும் சிவப்பு மையால் அடித்திருந்தார். பஸ் பெரியவரின் 71. "ஆதாரம்?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அவர் கேட்டது நியாயம்தான். கிப்ஸனுக்கு யாரோ ஒரு பத்திரிகையில் எழுதி வைத்திருந்தார்கள். இவருக்கு அதுவும் இல்லை.

விஷயத்தைக் கேட்டதும் அப்பத்தா சமையற்கட்டுக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டாள். அதன் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதுவது வழக்கம். "அவுக போடாட்டி போவுது. நீ இதுல எழுது" என்றாள்.

பால் கணக்குக்குக் கீழே தேதி போட்டு எழுதினேன்: 18 குழி, 71 அடி.