நீக்காத செலவு

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையையொட்டி நம் இல்லம். சென்ற மாதம் ஊதியம் வந்த 20ஆம் நாளே கை வறண்டது. மளிகைக் கடையில் கடன் ஏறிற்று. இஷாத் தொழுகைக்குப் பின் கணக்கேட்டை விரித்து அமர்ந்தோம்.

முதலில் மின்சாரம். இரு மாதத்திற்குக் குறிப்பிட்ட யூனிட்டுகள் வரை இலவசம். ஆயினும் மொத்தம் 500ஐத் தாண்டினால், அதற்குட்பட்ட யூனிட்டுகளுக்கும் விலை கூடுகிறது. நாம் சற்றே தாண்டியிருந்தோம். ஆளில்லா அறைகளில் சுழன்ற மின்விசிறிகளை நிறுத்தினோம். கடைத் தேநீரையும், தவணையில் வாங்க எண்ணிய கைப்பேசியையும் நீக்கினோம்.

அடுத்து, பௌர்ணமி இரவில் வலம் வருவோர்க்கு வாசலில் வைக்கும் நீர்மோர். அதன் மீதும் எழுதுகோல் சென்றது. இல்லாள் தடுத்தாள்: "14 கிலோமீட்டர் நடக்கிறவங்க தாகத்தைத் தணிக்கிறது எப்படிங்க வீண் செலவாகும்?"

நாணினோம். விரயமும் வேண்டா, கருமித்தனமும் வேண்டா, இரண்டிற்கும் நடுவே நிற்க வேண்டும் என்பதன்றோ திருமறையின் 25ஆம் அத்தியாயமாகிய ஸூரத்துல் ஃபுர்கான் கற்பிப்பது? அதனை ஆண்டாண்டாக மாணவர்க்கு ஓதிக்கொடுத்த நமக்கு, அதன் விளக்கம் அடுப்பங்கரையிலிருந்து வந்தது!

நீர்மோர் நிலைத்தது. அதற்கு ஈடாக நம் வெற்றிலைச் செலவை நீக்கினோம்.