வைத்தியர் பிறந்த தீவு

கோஸ் தீவில் போய் இறங்குகிறவர்களை முதலில் ஒரு மரத்தடிக்குத்தான் அழைத்துப் போகிறார்கள். தீவு கிரேக்க நாட்டைச் சேர்ந்தது. ஆனால் எதிரே தெரிவது துருக்கியின் கரை. வைத்தியத்தின் தந்தை என்று போற்றப்படும் ஹிப்பொக்ரடீஸ் இந்த மரத்தடியில் உட்கார்ந்துதான் சீடர்களுக்குப் பாடம் சொன்னாராம். அவர் பிறந்தது கி.மு. 460-ஐ ஒட்டி. மரத்தின் வயதோ சுமார் 500 தான்! போகட்டும், நிழல் நன்றாகவே இருக்கிறது.

ஊரிலிருந்து சுமார் 4 கிலோமீட்டரில், குன்றின் சரிவில், அஸ்கிலீப்பியஸ் என்னும் வைத்தியக் கடவுளின் கோயில் மூன்று அடுக்காக இடிந்து கிடக்கிறது. 1902-ல் ரூடால்ஃப் ஹெர்ஸோக் என்ற ஜெர்மானியர் தோண்டிக் கண்டது. இந்தக் கடவுளின் கோயில்களில் நோயாளிகள் இரவில் படுத்து உறங்குவார்கள். கனவில் அவர் வந்து குணப்படுத்துவார் என்பது நம்பிக்கை.

காக்காய் வலிப்புக்கு அக்காலக் கிரேக்கர் இட்ட பெயர் என்ன தெரியுமா? 'புனித நோய்'! நோயாளி ஆடு போல் கத்தினால் தேவர்களின் தாய்க்குக் கோபம். குதிரை போல் கனைத்தால் கடலரசன் பொஸைடன். நுரை தள்ளி உதைத்தால் போர்க் கடவுள் ஏரீஸ். மந்திரவாதிகள் விதித்த பத்தியமோ அதைவிட வேடிக்கை. குளிக்கக் கூடாது, கறுப்பு உடுத்தக் கூடாது, ஆட்டுக் கறி தின்னக் கூடாது, ஆட்டுத் தோலில் படுக்கக் கூடாது, காலின் மேல் கால் போடக் கூடாது!

கி.மு. 400-ஐ ஒட்டி எழுதிய ஒரு சிறு நூல், ஹிப்பொக்ரடீஸ் பெயரால் வழங்குவது, இவர்களைப் பிடி பிடியென்று பிடிக்கிறது. ஆட்டுத் தோல்தான் காரணமென்றால், அதையே உடுத்து ஆட்டுக் கறியே தின்னும் லிபியா தேசத்து உள்நாட்டு மக்களில் ஒருவர்கூடச் சுகமாயிருக்க முடியாதே என்று கேட்கிறார் ஆசிரியர். அவரை நாஸ்திகர் என்று எண்ணிவிடாதீர்கள். கடவுள் மனிதனைத் தூய்மை செய்பவரே தவிர, நோயால் அசுத்தப்படுத்துபவர் அல்லர் என்பதே அவர் வாதம்.

நோயின் இருப்பிடம் மூளை என்கிறார். இதே வலிப்பு வரும் ஆட்டின் மண்டையைப் பிளந்து பாருங்கள், மூளை நீர் கோத்து நாற்றமடிக்கும் என்கிறார். மூளையிலிருந்து கபம் இறங்கி, நாளங்களில் காற்றை அடைத்துவிடுவதாக அவர் கணக்கு. கபக் கணக்கு தவறு, இருப்பிடம் சரி. சிகிச்சை? மந்திரமல்ல, ஆகாரமும் நடைமுறையும்தான். குளிர்ச்சி, உஷ்ணம், ஈரம், வறட்சி பார்த்து, நோய்க்கு எதிரானதைக் கொடுக்க வேண்டும்.

ஆயினும், அவர் நோயாளிகளை எவ்வளவு கூர்ந்து கவனித்தார் என்பதற்கு வேறோர் இடம் இருக்கிறது. வலிப்பு வரப்போவது தெரிந்ததும் பெரியவர்கள் வீட்டுக்கு ஓடுகிறார்கள்; வீடு தூரமென்றால் ஆளில்லாத இடத்துக்கு ஓடித் தலையை மூடிக்கொள்கிறார்கள். தெய்வத்துக்குப் பயந்தல்ல, வெட்கத்தினால். சின்னக் குழந்தைகள் முதலில் நின்ற இடத்திலேயே விழுகின்றன. பழகிய பிறகோ, வருவது தெரிந்ததும் அம்மாவிடம் ஓடுகின்றன. பயத்தினால்தான், வெட்கம் இன்னதென்று அவற்றுக்கு இன்னும் தெரியாது.