மஞ்சள்

படத்தில் நெளிவு விழுந்த அன்று நான் திட்டியது மெட்ரோவை. மந்தைவெளியிலிருந்து அடையாறு லேபுக்கு வரும் வழியெல்லாம் தடுப்பு, பாதி ரோடு. மாதவரம்-சிப்காட் தடத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறார்கள், தரை அதிர்கிறது, படம் நெளிகிறது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப் கேமரா மாதிரி ஒரே நொடியில் முழுப் படத்தையும் பிடிப்பதில்லை. லேசர் ஒரு புள்ளியாகக் குவிந்து ஸ்லைடின் மேல் வரிவரியாக ஓடும். 512க்கு 512 என்றால் 2,62,144 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் ஒளிர்வும் ஒரு சிறு துளை வழியாகப் போகும். மேலும் கீழும் இருந்து வரும் மங்கல் வெளிச்சத்தைத் துளை தடுத்துவிடும். மார்வின் மின்ஸ்கி 1957இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை இது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் மேசை ஆடினால் அந்த ஆட்டமும் படத்தில் பதிந்துவிடும்.

ஆனால் ஆட்டம்தான் காரணமா? லேசர் போகும்போதும் திரும்பும்போதும் படமெடுத்தால், இரண்டு பயணமும் சரியாகப் பொருந்தாதபோது செல்லின் ஓரம் சீப்புப் பல் மாதிரி ஆகும். ஒரு திசையில் மட்டும் ஓடவிட்டேன். நெளிவு போகவில்லை. ஸ்கேனை 90 டிகிரி திருப்பினேன். நெளிவும் கூடவே திரும்பியது. அப்படியென்றால் அது என் ஸ்லைடில் இல்லை.

"ஏசிய ஒரு பத்து நிமிஷம் நிறுத்திப் பாரும்மா" என்றார் லேப் அண்ணா. நிறுத்தினேன். கோடு நேராக வந்தது. போட்டேன், நெளிந்தது. மேசையைத் தாங்கும் காற்றுக் கால்களில் அழுத்தம் இறங்கியிருந்தது. சுவருக்கு வெளியே கம்ப்ரஸர் ஓடுவதெல்லாம் நேரே ஸ்லைடுக்கு வந்துகொண்டிருந்தது. மெட்ரோ நிரபராதி.

சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கலாம். பஸ் ஸ்டாப் வரை போயும்விட்டேன். அங்கேதான் உறைத்தது: அசிங்கமான படத்தை இத்தனை விதமாகக் குறுக்கு விசாரணை செய்தேனே, அழகான படத்தை ஒரு கேள்வியாவது கேட்டேனா?

அழகான படம் என்றால், நாலு மாத உழைப்பு. ஒரு புரதத்துக்குப் பச்சைச் சாயம், இன்னொன்றுக்குச் சிவப்பு. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் திரையில் மஞ்சள். எனக்குச் செல் முழுக்க மஞ்சள். ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம்கூட அனுப்பியாகிவிட்டது.

திரும்பிப் போனேன். பச்சைச் சாயம் மட்டும் போட்ட ஸ்லைடை வைத்து, இரண்டு லேசரையும் வழக்கம்போல ஒன்றாகப் போட்டு, சிவப்புச் சேனலைப் பார்த்தேன். கறுப்பாக இருக்க வேண்டும். செல்கள் பளிச்சென்று தெரிந்தன. பச்சைச் சாயத்தின் ஒளி பச்சையோடு நிற்பதில்லை. அதன் வால் சிவப்பு வரை நீளும். நேரம் மிச்சம் என்று இரண்டு லேசரையும் ஒன்றாக ஓட்டியது நான்தான்.

பழைய ஸ்லைடை எடுத்து, ஒரு லேசர் முடிந்தபின் அடுத்தது என்று தனித்தனியாக ஓட்டினேன். மஞ்சள் கிட்டத்தட்ட காணாமல் போனது. ஓரத்தில் ஒன்றிரண்டு புள்ளிகள். அவ்வளவுதான்.

மறுநாள் கைடிடம், "சார், அந்த மஞ்சள் பொய்" என்றேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாராவது கேட்டாங்களா?"

"இல்ல சார். நானா பார்த்தேன்."

"சரி. வாபஸ் மெயில் நீயே எழுது. காரணத்தையும் எழுது."

எழுதினேன். மூன்று வரி மெயிலுக்கு மத்தியானம் முழுக்க ஆனது. இப்போதெல்லாம் எந்த ஸ்லைடுக்கும் முன்னால் ஒற்றைச் சாய ஸ்லைடுதான் ஸ்டேஜில் ஏறும். படம் ரொம்ப அழகாக வந்தால் இன்னொரு தடவையும் ஏறும்.