பனையும் இல்லை, பூவும் இல்லை

கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கினால் பன்னீர் திராட்சையும் கொடைக்கானல் பஸ்ஸும்தான் கண்ணுக்குத் தெரியும். வழியில் நர்சரி தென்பட்டால், குட்டைப் பனை மாதிரி நிற்கும் சைகஸ் தொட்டியையும் பாருங்கள். தாவரங்களுக்குப் பெயர் வைத்த லின்னேயஸே 1753-ல் சைகஸைப் பனைகளோடுதான் சேர்த்தார். உண்மையில், மலை மேலே நாம் செல்ஃபி எடுக்கும் பைன் மரங்களுக்குத்தான் இது தூரத்துச் சொந்தம். பூக்காது, கூம்பு விடும். ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. விதை நஞ்சு, குழந்தைகள் ஜாக்கிரதை!

தொட்டியில் இருப்பது பெரும்பாலும் ஜப்பான் இனம். நம்முடையது மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிறது; அழியும் அபாயப் பட்டியலில் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் 'மதனகாமப்பூ' என்று விற்கிறார்களே, அது பூவே இல்லை; அந்த மரத்தின் ஆண் கூம்பு. மகரந்தம் முழுக்க அதில்தான். அதை வெட்டிக்கொண்டே போனால் பெண் மரத்தில் விதை எப்படிப் பிடிக்கும்?