காலியாகக் கிடந்த ஸ்லாட்

உருளைக்கிழங்கு விற்ற காசில் நம்ம பெற்றோர் ஸ்கூல் லேபுக்குப் புதுக் கம்பியூட்டர் வாங்கக் கலெக்‌ஷன் தொடங்கிவிட்டார்கள். பழையதில் இனி ரெம் கூட்ட முடியாதென்று ஒரு கடையில் சொன்னார்களாம்.

எனக்கு மனம் கேட்கவில்லை. அதில் ஓடுவது உபுண்டு. மெஷினை நிறுத்தாமலே டெர்மினலைத் திறந்து, 'டிஎம்ஐடிகோட்' என்ற கட்டளையை சூடோவோடு அடித்தேன். பயோஸ் வைத்திருக்கும் பட்டியலை அது அப்படியே காட்டும். இரண்டு ஸ்லாட், ஒன்றில் 2 ஜிபி டிடிஆர்3, மற்றது காலி! போர்டு 8 ஜிபி வரை தாங்குமாம். சில போர்டுகளில் அந்தப் பட்டியலே பிழையாக இருக்கும் என்பதால், ஓஃப் பண்ணி மூடியையும் கழற்றிப் பார்த்தேன். காலிதான். ஐந்து மெஷினிலும் இதே கதை.

கலெக்‌ஷனை நிறுத்தச் சொல்லியாச்சு. வீட்டில் பழுதான டெஸ்க்டொப் கிடந்தால் அதிலுள்ள டிடிஆர்3 ரெம்மைத் தாருங்கள். லேப்டொப் ரெம் கட்டை, பொருந்தாது.